இரண்டு பேர் உட்காரும் ஜன்னல்

மேற்கு ஜன்னல் வழியாக ஒரு துண்டு வெயில் வந்து தரையில் விழுந்தது. மடித்துப் போட்ட ஈரிழைத் துண்டு மாதிரி. யாரும் எடுத்து உதறாத துண்டு.

முன்பு அது கட்டில் மேல் விழும். கட்டிலில் நீட்டிக் கிடந்த பாதங்கள் மேல் விழும். இப்போது கட்டில் இல்லை. பாதங்களும் இல்லை. வெயில் நேராகத் தரைக்கு இறங்கிவிட்டது.

காவி பூசிய சிமெண்டுத் தரை. கட்டில் கால்கள் நின்ற இடங்களில் வெளுத்த வட்டங்கள். வெயில் அவற்றை ஒவ்வொன்றாகத் தொடும். பிறகு சுவரில் ஏறும். பிறகு போய்விடும். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நலம். கேட்கிறவர்களிடம் அதைத்தான் சொன்னேன். நல்லா இருக்கறனுங்க.

நிற்க.

பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழக்கியபோது, நலம் விசாரித்து முடித்தவுடன் இந்தச் சொல்லைப் போடச் சொன்னார்கள். நிற்க. அதற்குப் பிறகுதான் விஷயம். இந்த ஆனி மாதம் முழுக்க நான் அந்தச் சொல்லிலேயே நின்றுகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வர வேண்டிய விஷயம் வரவில்லை.

நாகமணி என் கணவரின் அக்கா. எங்கள் பக்கம் அந்த உறவை நங்கையா என்று கூப்பிடுவோம். என் கணவர் இறந்து சில காலம் கழித்து, அவரும் தன் கணவரை இழந்து, ஒரு பச்சைத் தகரப்பெட்டியோடு உடுமலைக்கு வந்து சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. பிறந்த வீட்டில் மிச்சமிருந்தது நானும் என் மகள் யமுனாவும்தான்.

அந்த வீட்டில் பிறந்தவர் அவர். அந்த வீட்டுக்கு வந்தவள் நான். எங்களை இணைத்த மனிதர் சுவரில், மாலைக்குள், சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரே வீட்டில் நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் எத்தனை நாளைக்கு என்று தெரு காத்திருந்தது. தெருவை நாங்கள் ஏமாற்றவில்லை. சண்டை போட்டோம். ரசத்துக்குப் பூண்டு தட்டுவதா நறுக்குவதா என்று போட்டோம். வாசல் விளக்கை யார் அணைக்காமல் விட்டது என்று போட்டோம். ஆனால் பெரிய சண்டைகள் எல்லாம் புத்தகத்தால் வந்தவை.

நூலகத்திலிருந்து ஒரு நாவல் எடுத்து வருவோம். அதே நாவலை இரண்டு பேரும் படிப்போம். மேற்கு ஜன்னலடிக் கட்டிலில், அவர் ஒரு முனை, நான் ஒரு முனை.

நங்கையா முதலில் கடைசிப் பக்கத்தைப் படிப்பார். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர் போல. முடிவு தெரியாம எதை நம்பி அம்முணி உள்ள போறது, என்பார்.

அதோடு விட்டால் பரவாயில்லை. நான் கதையின் பாதியில் இருப்பேன். அந்த முனையில் கீரை ஆய்ந்துகொண்டே, தலை நிமிராமல், சொல்வார்.

"அந்த வாத்தியாரு செத்துப்போயிருவான் அம்முணி. வெசனப்படாதே."

"சொல்லித் தொலைக்காதீங்க நங்கையா!"

"நாஞ் சொல்லாட்டி அவன் பொழைச்சுக்குவானாக்கு?"

அத்தனை வருஷத்தில் ஒரு கதையின் முடிவுக்கும் நான் தெரியாமல் போய்ச் சேர்ந்ததில்லை. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் என்ன இருக்கிறதென்று எனக்கு முன்னால் போய்ப் பார்த்து வந்து சொல்ல ஒருவர் இருந்தார். அதற்குத்தான் அத்தனை கோபம்.

வைகாசியில் அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. புத்தகத்தை நெஞ்சின்மேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டு படித்தார். காணாமல் போன தம்பியைத் தேடி ஓர் அக்கா ஊர் ஊராகப் போகிற கதை. வழக்கம்போல் கடைசிப் பக்கத்தை முதலில் படித்தார். மூடினார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை.

"என்ன, செத்துட்டானா?" நானே கேட்டேன்.

"இந்தத் தடவ சொல்ல மாட்டன் போ. நல்லா இருக்குது. நீயே போய்ப் பாத்துக்க."

அந்த வாரம் போனார். காலையில் காபி கொண்டுபோனேன். வேண்டும் என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பிறந்த வீட்டுக் கோடிச்சேலையை உடல்மேல் யார் போடுவது என்று வாசலில் பேச்சு எழுந்தது. பிறந்த வீடு என்றால் நான்தான். கடைக்குப் போய், அவருக்குப் பிடித்த அரக்கு நிறத்தில் ஒரு சேலை எடுத்தேன். முந்தானையை விரித்துக் காட்டிய பெண், உங்களுக்கு எடுப்பா இருக்குங்க அக்கா, என்றாள். ஆமாங்க, என்றேன்.

ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம், வந்தது. உட்கார்ந்தது. பேசியது.

"நாத்தனாருக்கு இவ்வளவு பாத்ததே பெருசு வசந்தா."

"இனி நீ யமுனாகிட்டப் போயிரலாம். உன்ற காலக் கட்டிப் போட்டிருந்தது அவதான."

தலையை ஆட்டினேன். புருஷனுக்கு அழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. தாய்க்கு இருக்கிறது. நாத்தனாருக்காக எப்படி அழுவது என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடம் யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. எல்லோருக்கும் காபி கலந்தேன்.

வெகுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப் போகுமே. கிள்ளினால், கிள்ளுகிறோம் என்று கண்ணுக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது. யாருடைய காலோ அங்கே இருக்கும். அப்படி இருந்தேன். தலை முதல் கால் வரை, யாரோ ஒருத்தி அந்த வீட்டில் இருந்தாள்.

கால் மரத்தால் நங்கையாவிடம் ஒரு வைத்தியம் உண்டு. எச்சிலைத் தொட்டுப் பெருவிரலில் பெருக்கல் குறி போடுவார். இப்பப் பாரு, எறும்பு கடிக்கும். கடிச்சா உசுரு வந்துருச்சுன்னு அர்த்தம்.

எறும்பு வரவில்லை. ஆனி போனது.

அந்த நாவல் என் தலையணை ஓரத்தில் இருந்தது. நான் பாதி படித்த இடத்தில் ஒரு கொண்டை ஊசி. நூலகத்தில் கேட்டபோது, மெதுவாக் குடுங்க போதும், என்றார்கள். திறந்து பார்ப்பேன். எழுத்துகள் வரிசையாக நின்றன. ஒன்றும் உள்ளே வரவில்லை. மூடினால் ஒரு நிம்மதி. படித்து முடித்துவிட்டால், அவர் எனக்கென்று சொல்லாமல் வைத்துப் போன ஒன்றும் தீர்ந்துவிடும்.

நிற்க.

யமுனா பெங்களூரிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். யாருடைய வீடோ. ஜன்னலடியில் மெத்தை போட்ட பலகை. இரண்டு பக்கமும் புத்தக அடுக்கு. ஒரு பெண் கால் நீட்டிச் சாய்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். மடியில் பூனை.

"அந்த வெறுந்தரையப் பாத்துட்டே உக்காந்திருக்காதம்மா. இப்பிடி ஒண்ணு பண்ணிரலாம். உனக்குன்னு ஒரு மூலை."

செரி, என்றேன். அந்த நாட்களில் எல்லாவற்றுக்கும் செரி என்றேன். பால் பாக்கெட் இரண்டா, செரி. கட்டிலை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடலாமா, செரி.

தாராபுரத்து ஆசாரி ஒருவரை அவளே விசாரித்துப் பிடித்தாள். குப்புராஜ் என்று பெயர். ஜன்னலின் அளவை நான் எடுத்து அனுப்பினேன். அவர் தொலைபேசியில் கேட்டார்.

"யாரு உக்கார்றதுக்குங்?"

"நாங்கதானுங்க."

தெரிந்து சொல்லவில்லை. ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவரும் எங்கம்மா என்றுதான் சொல்கிறார். தனியாகக் குடியிருப்பவரும் எங்க வீடு என்றுதான் வழி சொல்கிறார். வெகுகாலமாக வெங்காயம் வாங்கியதும் விருந்துக்குப் போனதும் நாங்கள்தான். காய்ச்சல் வந்தால்கூட எங்களுக்குத்தான் வந்தது. வீட்டில் ஒருவர் குறைந்த செய்தி நாக்குக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.

ஆடி பிறந்தது. நான் மூலையைத் தயார் செய்தேன். வரிசைப்படி செய்தேன். ஒட்டடை. பிறகு சுவர். பிறகு ஜன்னல் கம்பிகளுக்கு வர்ணம். பிறகு தரை. வெளுத்த வட்டங்களைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். சுற்றியிருந்த தரை பளபளத்தது. வட்டங்கள் அப்படியே இருந்தன. நனைந்தபோது இன்னும் நன்றாகத் தெரிந்தன.

திண்டு தைக்க இலவம்பஞ்சு வாங்கி வந்தேன். வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உறைக்குள் பஞ்சு அடைக்க உட்கார்ந்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, எங்கள் ஊரில் ஆடியில், யாரையும் கேட்டுக்கொண்டு உள்ளே வராது.

பஞ்சு எழுந்தது. கூடத்தில் எழுந்தது. படத்தில் இருந்த கணவரின் மாலையில் தங்கியது. கடிகாரத்தில், பாத்திரங்களில், என் தலையில். வாசல் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தது.

"ஏனுங்கக்கா, ஆடிக்காத்துல அம்மியே பறக்குமுங்கறாங்க! ஆராச்சும் இப்பப் போயி பஞ்சு அடைப்பாங்களா?" எதிர்வீட்டுப் பானுமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தலையெல்லாம் நரைச்சுப் போச்சு பாருங்க!"

நானும் சிரித்தேன். முகம் சிரித்தது. உள்ளே யாரும் சிரிக்கவில்லை.

அவள் வந்து கதவைச் சாத்தினாள். என்னோடு உட்கார்ந்து பஞ்சு அடைத்தாள். எத்தனை திண்டு என்று கேட்டாள். எதிரும் புதிருமாக இரண்டு என்று என் வாய் சொன்னது. அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டாவது உறையை எடுத்துக்கொண்டாள்.

தூறல் விழுந்த ஒரு மத்தியானம் டெம்போவில் பலகைகள் வந்து இறங்கின. குப்புராஜ் பேசிக்கொண்டே பொருத்தினார். வேப்பம்பலகை. பூச்சி அண்டாது. வார்னிஷ் வாசம் வீட்டில் நிறைந்தது. மருந்து வாசம் எங்கே போனதென்று தெரியவில்லை.

முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தேன். ஜன்னலடியில் நீளப் பலகை. இரண்டு பக்கமும் அடுக்கு. சரியாக நடுவில், இருக்கையை இரண்டாகப் பிரித்து, ஒரு குறுக்குப் பலகை.

"இது என்னங்க, நடுவுல?"

"டம்ளர் வெக்கறதுக்குங். ரெண்டு பேரு உக்காந்தா கை இடிக்குமுங்ல்ல? என்ற ஊட்டுக்காரி பக்கத்துல உக்காந்தான்னா, டீ குடிக்கறதுக்கு நான் எந்திரிச்சு வாசலுக்குத்தானுங் போகோணும்." சிரித்தார். "போன்ல நாங்கன்னு சொன்னீங்ல்ல. அதான் ரெண்டு பேருக்கா அடிச்சுட்டனுங். இன்னொருத்தரு எங்கீங்?"

"இல்லீங்க."

"செரீங். வந்தொடனே உக்காந்து பாக்கச் சொல்லுங். ஆட்டம் இருந்தா ஆப்பு வெச்சுத் தாறன்."

இல்லை என்று நான் சொன்னேன். வெளியே போயிருக்கிறார் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஒரே சொல்தான். நான் திருத்தவில்லை.

மாலையில் யமுனாவுக்குத் தொலைபேசியில் காட்டினேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ, நடுவுல தடுப்பா? கால எப்பிடிம்மா நீட்டுவ? படத்த அனுப்பித்தான வெச்சேன்! அந்தாள நாளைக்கே வந்து அறுத்து எடுக்கச் சொல்லு."

செரி, என்றேன்.

மறுநாள் குப்புராஜ் ரம்பத்தோடு வந்தார். முகம் வாடியிருந்தது. யமுனா பேசியிருக்கிறாள். ஆனால் இறந்தவரைப் பற்றி அவளும் சொல்லியிருக்கவில்லை. "ஒரே ஆள்னு நீங்க சொல்லியிருக்கோணுங்," என்றார். சொல்லியிருக்க வேண்டும்தான். யாரிடமும் இன்னும் நான் சொல்லவில்லை.

பழைய பெட்ஷீட்டை விரித்தார். மண்டியிட்டார். பலகையின் விளிம்பில் ரம்பத்தின் பல்லை வைத்து, ஓர் இழுப்பு இழுத்தார்.

அந்தச் சத்தம்.

"நிறுத்துங்க."

என் குரல்தான். ஆனால் நான் பல வாரங்களாகக் கேட்காத குரல். ரசத்துக்கும் விளக்குக்கும் சண்டை போட்ட குரல். தெருவரை கேட்டிருக்கும். குப்புராஜ் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"இருக்கட்டுமுங்க," என்றேன்.

"கால் நீட்ட முடியாதுங்ளே."

"மடக்கிக்கறோமுங்க."

அவர் ரம்பத்தைச் சாக்கில் சுற்றினார். பலகை விளிம்பில் ஒரு சிறிய வெட்டுவாய் மட்டும் நின்றது. விரல் நுனி அதில் பொருந்துகிறது. இப்போதும் உட்காரும்போது விரல் தானாக அங்கே போகிறது.

யமுனா கோபித்துக்கொண்டாள். "உனக்காகத்தானம்மா பண்ணுனது. நீ ஒத்தையில உக்காந்து படிக்கறதுக்கு."

"ஒத்தையில நான் படிச்சதே இல்ல கண்ணு," என்றேன். எதிர்முனையில் மூக்கை உறிஞ்சுகிற ஒலி. அவளுக்கு அது எளிதாக வந்தது. அவளுக்கு அத்தை. சொல்லி அழ ஓர் உறவு.

நிற்க.

ஆவணி. புரட்டாசி. மூலை தயாராக இருந்தது. திண்டுகள் எதிரும் புதிருமாக. அடுக்கில் புத்தகங்கள். சாய்ந்து எரியும் ஒரு விளக்கு. காம்பவுண்டுச் சுவரில் ஏறிய மல்லி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. யார் வந்தாலும், நல்லா இருக்குதுங்க, என்றார்கள். ஆமாங்க, என்றேன்.

என் பக்கத்தில் உட்கார்வேன். கொண்டை ஊசியை எடுப்பேன். வரிசையாக நிற்கும் எழுத்துகளைப் பார்ப்பேன். கொண்டை ஊசியை வைப்பேன். நல்ல மூலை. திண்டு மெத்தென்று இருந்தது. உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஐப்பசி மழை பிடித்தது. நாள் முழுக்கப் பெய்தது. வெளியே போக ஒன்றுமில்லை. தேய்க்கத் தரையில்லை. தைக்கத் திண்டில்லை. வேலைகள் எல்லாம் தீர்ந்த வீட்டில் மழையும் நானும்.

புத்தகத்தை எடுத்தேன். ஒரு வரி. வாய்விட்டுப் படித்தேன். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. இன்னொரு வரி. கதையில் அக்கா ரயிலில் இருந்தாள். ரயிலிலும் மழை பெய்தது. அவளுக்கு எதிரே இருந்தவர் முறுக்கு கொடுத்தார். அவள் வேண்டாம் என்றாள். பிறகு வாங்கிக்கொண்டாள். அந்த முறுக்கு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது.

பக்கம் நகர்ந்தது. பக்கம் நகர்ந்தது.

மழை விட்டதை நான் கவனிக்கவில்லை. அக்கா ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு லாட்ஜில், மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். கடைசி அறை. கதவு சாத்தியிருந்தது. தட்டினாள். உள்ளே யாரோ எழுந்து வருகிற காலடி. தாழ்ப்பாளில் கை.

பக்கம் அங்கே முடிந்தது.

புரட்டப் போனேன். கை நின்றது. இடது பக்கம் திரும்பினேன். கீரை ஆயும் ஒருவர் தலை நிமிராமல் வாயைத் திறப்பார் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கோபம் வந்தது. நிஜமான கோபம். வாய் நிறைய வந்தது.

"சொல்லிறாதீங்க நங்கையா!"

கம்பியில் மல்லிக்கொடி சொட்டியது. யாரும் சொல்லவில்லை.

யாரும் சொல்லவில்லை.

மடக்கி வைத்திருந்த காலில் முதல் எறும்பு கடித்தது. பிறகு ஒன்று. பிறகு புற்று முழுவதும். பெருவிரலிலிருந்து ஏறியது. முழங்கால், வயிறு, நெஞ்சு, தொண்டை. நான் பலகையின் வெட்டுவாயைப் பிடித்துக்கொண்டேன். நங்கையா, நங்கையா என்று ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். அது நான்தான். முறை தெரியாமல்தான் அழுதேன். எதிர்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பானுமதி வாசல் வரை வந்து, நின்று, உள்ளே வராமல், வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

வெகுநேரம் கழித்து முகத்தை முந்தானையில் துடைத்தேன். பக்கங்கள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தன. நல்லா இருக்குது, நீயே போய்ப் பாத்துக்க, என்று சொல்லியிருந்தார்.

நலம். நிற்க. கதவு திறக்கப் போகிறது.

மேகம் விலகி மேற்கு ஜன்னல் வெளுத்தது. கழுவிய வெயில் உள்ளே வந்தது. நடுப்பலகையில் பட்டு இரண்டாகப் பிரிந்தது. ஒன்று என் மடியில், திறந்த புத்தகத்தின் மேல். இன்னொன்று அந்தப் பக்கத்துத் திண்டின் மேல்.

பேருந்தில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகப் போடுவார்களே, அப்படி ஒரு துண்டு.

அதை எடுக்காமல், நான் பக்கத்தைப் புரட்டினேன்.